மலர் அக்காவின் உடல் எங்கே இருக்கிறது

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிளென் வேவர்லி நிலையத்தில் கதவுகள் திறந்தபடி நின்ற ரயிலில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாதை அங்கேதான் முடிகிறது. வண்டி கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுத்தான் நகரத்துக்குப் புறப்படும். கைப்பேசி அடித்தது. எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வரும் உடற்கொடைகளுக்குப் பொறுப்பாக இருக்கும் பெண்மணி. பல வருடங்களாக ஒரே கட்டடத்தில் வேலை செய்கிறோம். அதற்கு முன் ஒருமுறைகூட அவர் என்னைக் காலையில் அழைத்ததில்லை.

“சேவியர், இன்றைக்கு நீங்கள் கீழ்த்தளத்துக்குப் போக வேண்டாம்,” என்றார்.

“ஏன்?”

“போக வேண்டாம். இன்றைக்கும், இனி நான் சொல்லும்வரைக்கும்.”

கீழ்த்தளத்தில்தான் கொடையாக வந்த உடல்கள் இருக்கின்றன. அவர் பெயர் சொல்லவில்லை. உடலைக் கொடுத்தவர் யார் என்பதை உடற்கூற்றியல் கற்பிப்பவர்களிடம் சொல்லக் கூடாது என்பது விதி. அந்த விதியை மீறாமல் ஒரு மரணச் செய்தியை எனக்குத் தர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. நான் ரயிலை விட்டு இறங்கினேன். பின்னால் கதவுகள் மூடிக்கொண்டன. டாக்டர் இராசமலர், நம்மில் பலருக்கு மலர் அக்கா, இறந்துவிட்டார் என்பதை இப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று மாலையிலிருந்து, அக்காவின் சனிக்கிழமைப் பேச்சுகளுக்கு வந்த உங்களில் பலர் என்னை அழைத்தீர்கள். எப்போது பார்வைக்கு வைப்பார்கள், எந்த மயானம், மலர்வளையம் எங்கே அனுப்புவது என்று கேட்டீர்கள். நான் மழுப்பினேன். ஏதோ மறைக்கிறார்கள் என்று சிலர் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. அக்காவின் தங்கை புனிதம் அன்ரிதான் கடைசியில் சொன்னார்: “ஒளிக்க என்ன கிடக்கு தம்பி? நடந்ததை நடந்தபடி நீங்களே எழுதுங்கோ.” அதனால் எழுதுகிறேன்.

மலர் அக்கா மெல்பர்னில் அறிவியல் வரலாற்றையும் தத்துவத்தையும் கற்பித்தவர். ஐரோப்பாவில் புதிய அறிவியல் தலையெடுத்த காலம், அதாவது தொலைநோக்கியும் காற்றுப் பம்பும் வந்து, பழைய ஏடுகளை நம்பாமல் கண்ணால் பார்த்ததை நம்பத் தொடங்கிய காலம்தான் அவருடைய துறை. நான் மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவன். உடற்கூற்றியல் ஆசிரியன். எங்கள் இரண்டு துறைகளுக்கும் இடையே ஒரு கார் நிறுத்துமிடம் மட்டும்தான் இருந்தது. ஆனாலும் ஒரு குளிர்காலத்தில் அவராக வந்து என் கதவைத் தட்டும்வரை எனக்கு அவரைத் தெரியாது.

“உங்கட அறையை ஒருக்காப் பாக்கலாமோ? உடம்பு வெட்டுற அறையை?” என்று கேட்டார். அனுமதி வாங்கி அழைத்துப் போனேன். பொதுவாக முதல்முறை வருகிறவர்கள் முகங்களைப் பார்ப்பதைத் தவிர்ப்பார்கள், அல்லது வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அவர் நேராக ஒரு மேசையருகே போய், மூடிய துணியைப் பார்த்தபடி கேட்டார்.

“இவர் சம்மதிச்சவரோ?”

“ஆமாக்கா. இங்க இருக்கிற எல்லாருமே உயிரோட இருக்கும்போது அவங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவங்க.”

“அண்டைக்கு ஆரும் கேக்கேல்லை,” என்றார்.

‘அண்டைக்கு’ என்று அவர் குறித்த அந்தப் பழைய காலத்தைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. இத்தாலியப் பல்கலைக்கழகம் ஒன்றில் கட்டிய முதல் உடற்கூற்று அரங்கு ஒரு கிணறு போல இருந்ததாம். சுற்றிச் சுற்றி மேலேறும் மரப்படிகளில் நெருக்கியடித்து நின்றபடி நூற்றுக்கணக்கானவர்கள் கீழே எட்டிப் பார்ப்பார்கள். அடியில் ஒரு மேசை, அதைச் சுற்றி மெழுகுவர்த்திகள். உடல் கெடாமல் இருக்கக் குளிர்காலத்தில்தான் நடக்கும். குளிர் வரும்வரை தூக்குத் தண்டனையைத் தள்ளிப்போட்ட ஊர்களும் இருந்தன. மேசைக்கு வரப்போகிறவன் உயிரோடு சிறையில் இருப்பான். படிகளில் நிற்கப்போகிறவர்கள் காத்திருப்பார்கள்.

“வெளிச்சம் வந்த காலம் எண்டு எல்லாரும் சொல்லுகினம். வந்ததுதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அது தூக்குமரத்துக்குக் கீழ வந்து காத்துக்கொண்டு நிண்டது, சேவியர்.” இதை அவர் அந்த அறையில் வைத்துச் சொன்னார். குளிரூட்டியின் இரைச்சல் அன்று எனக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டது.

ஓய்வு பெற்ற பிறகு, கிளென் வேவர்லி நூலகத்தின் மேல்மாடியில் சனிக்கிழமை மாலைகளில் அவர் தமிழில் பேசத் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். பொயிண்ட் குக்கிலிருந்து நகரத்தைக் குறுக்காகக் கடந்து வந்தவர்களும் இருந்தார்கள். அந்தக் கூட்டங்களில் அவர் எந்த அறிஞரின் பெயரையும் சொல்ல மாட்டார். ‘அந்த இத்தாலியக்காரர்’, ‘கண்ணாடி தேய்த்தவர்’, ‘பிரெஞ்சுக்காரர்’ என்றுதான் சொல்வார். ஏன் என்று கேட்டதற்கு, “பெயரைச் சொன்னா நீங்கள் கும்பிடத் தொடங்கியிருவியள். அவையள் கும்பிடுறதை விடச் சொன்னவையள்,” என்றார். ஓர் அங்கிள் ஒருநாள் பொறுமையிழந்து எழுந்தார். “எல்லாம் சரி பிள்ளை, ஆத்மா எண்டு ஒண்டு இருக்கோ இல்லையோ? ஒரு முடிவைச் சொல்லுங்கோவன், நாங்கள் வீட்டை போக.” அறை முழுவதும் சிரித்தது. மலர் அக்காவும் சிரித்தார். “முடிவு தெரிஞ்சிருந்தா நான் இந்தக் குளிருக்குள்ள வந்திருப்பனோ அங்கிள்?”

அவருக்கு மிகவும் பிடித்தது ஓர் இளவரசியின் கதை. போரில் நாட்டை இழந்த பொஹீமிய அரச குடும்பம் ஒல்லாந்தில் அடைக்கலம் புகுந்திருந்தது. மனமும் உடலும் முற்றிலும் வெவ்வேறான இரண்டு பொருள்கள் என்று எழுதியிருந்த பிரெஞ்சுக்காரருக்கு, அந்தக் குடும்பத்தின் மகள் கடிதம் எழுதினாள். இடமும் இல்லாத, எடையும் இல்லாத மனம், எடையுள்ள உடலை எப்படித் தள்ளும் என்று கேட்டாள். அவர் பதில் எழுதினார். விளங்கவில்லை என்று அவள் திரும்ப எழுதினாள். அவர் மறுபடி எழுதினார். அவளுக்கு மறுபடியும் விளங்கவில்லை. “அவர் உலகப் புகழ் பெற்றவர். அவ ஒரு அகதிப் பெட்டை. ஆனா விளங்கேல்லை எண்டு சொல்ல அவவுக்கு வெக்கம் வரேல்லை,” என்பார் அக்கா.

அந்தக் கதையைச் சொன்ன சனிக்கிழமை நான் முன்வரிசையில் இருந்தேன். “இப்ப பாருங்கோ. கையைத் தூக்குவம் எண்டு நினைக்கிறன். நினைப்புக்கு எடையில்லை. ஆனா கை எழும்புது,” என்று சொல்லி வெள்ளைப் பலகையில் எழுதும் பேனாவோடு வலது கையை உயர்த்தினார். பேனா விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடியும் விழுந்தது. யாரோ எழுந்து எடுத்துக் கொடுத்தார்கள், அவர் இடது கையால் வாங்கிக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். வேறு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சதைப்பிடிப்பாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி விழுந்திருந்தது. வயதானால் கை மெலியும்தான். ஆனால் அப்படி ஓரிடத்தில் மட்டும் மெலியாது. தோலுக்குக் கீழே ஏதோ புழு நெளிவதுபோல் ஒரு துடிப்பும் இருந்தது. அந்தத் துடிப்புக்கு என்ன பெயர் என்பது என் வேலையின் பயனாக எனக்குத் தெரியும்.

கூட்டம் முடிந்து எல்லாரும் தேநீர் குடிக்கப் போனபோது அருகே வந்தார்.

“என்ர கையை ஏன் அப்பிடிப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்?”

“டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா. நரம்பு டாக்டர்கிட்ட. தள்ளிப்போடாதீங்க.”

அவர் என் முகத்தையே பார்த்தார். “நீங்கள் உயிரோட இருக்கிற ஆக்களைப் பாக்கிறேல்லை எண்டெல்லோ நினைச்சன்,” என்றார். பிறகு கையைக் கம்பளிச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார்.

சோதனைகள் மாதக்கணக்கில் நீண்டன. முடிவில் அவர்கள் சொன்னது நான் பயந்ததுதான். மூளையிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாக இறந்துபோகும் நோய். முதலில் கை, பிறகு கால், பேச்சு, விழுங்குதல், கடைசியில் மூச்சு. அறிவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். மருந்து என்று சொல்லத் தக்கது எதுவும் கிடையாது. செய்தியை எனக்கு அவரே தொலைபேசியில் சொன்னார். அழவில்லை. “இளவரசி கேட்ட கேள்வி என்ர வீட்டுக்கே வந்திட்டுது,” என்றார். மறுமுனையில் அவர் மூச்சு விடும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தை அதற்கு முன் நான் கவனித்ததேயில்லை.

அடுத்த வாரம் புனிதம் அன்ரி என்னை அழைத்தார். அக்காவை ‘த பேசின்’ என்ற இடத்தில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டும், கார் ஓட்ட வர முடியுமா என்று கேட்டார். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன் என்பது அவருக்குத் தெரியும். கார் ஓட்ட மட்டும் அவர் என்னைக் கூப்பிடவில்லை என்பது எனக்கும் தெரியும்.

டன்டினோங் மலையடிவாரத்தில் அன்று வடக்குக் காற்று அடித்தது. கோடையில் அந்தக் காற்று வந்தாலே அங்கே இருப்பவர்கள் காட்டுத்தீக்குப் பயந்து மலையை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். யூகலிப்டஸ் மரங்களின் பட்டைகள் உரிந்து கார்களின்மேல் விழுந்தன. அர்ச்சனை முடிந்து அக்காவைக் காரில் உட்காரவைத்துவிட்டு, கதவைச் சாத்தாமலே புனிதம் அன்ரி பேசத் தொடங்கினார். அக்கா கேட்கட்டும் என்றே பேசினார்.

“தம்பி, உடம்பைப் பல்கலைக்கழகத்துக்குக் குடுக்கப் போறாவாம். உங்கட இடத்துக்குத்தானாம். நீங்கள் சொன்னாக் கேப்பா. வேண்டாமெண்டு சொல்லுங்கோ.”

எனக்கு அதுவரை அது தெரியாது. திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊரில எங்கட அப்பாவை ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனவங்கள். விசாரிச்சிட்டு விடுறமெண்டாங்கள். இண்டைக்கு வரைக்கும் உடம்பைக் காணேல்லை. கொள்ளி வைக்கேல்லை, ஒண்டும் செய்யேல்லை. அம்மா தாலியைக் கழட்டாமலே செத்தவ. இன்னொருக்கா உடம்பில்லாத சாவு எங்கட குடும்பத்துக்கு வேணுமோ? நீங்களே சொல்லுங்கோ.”

காற்றில் கார்க்கதவு அடித்துக்கொள்ளப் பார்த்தது. நான் பிடித்துக்கொண்டேன். அக்காவின் நாக்கு அப்போதே தடிக்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“அப்பாவைக் கேக்காமல் கொண்டு போனவங்கள், புனிதம். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. கேக்கமுதல் நானாக் குடுக்கிறன். ரெண்டும் ஒண்டில்லை.”

“எனக்கு ரெண்டும் ஒண்டுதான்!” என்று புனிதம் அன்ரி கத்தினார். கோயில் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் யார் பக்கமும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அக்கா படுத்த பிறகு, புனிதம் அன்ரி சமையலறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். அங்கே என்ன நடக்கும் என்று கேட்டார். எதையும் மறைக்காமல் சொன்னேன். பெயர் இருக்காது. முகம் மூடியிருக்கும். ஆண்டின் தொடக்கத்தில் மாணவர்கள் எழுந்து நின்று மௌனமாக இருப்பார்கள். வேலை முடிந்ததும் தகனம் செய்வார்கள், குடும்பம் விரும்பினால் சாம்பல் வரும். அதற்குச் சில வருடங்கள் ஆகலாம்.

“ஆர் தொடுவினம்?”

“பிள்ளைங்கதான் அன்ரி. பத்தொம்பது, இருபது வயசுப் பசங்க.”

“பயப்பிடாதுகளோ?”

“முதல் நாள் எல்லாருமே பயப்படுவாங்க.”

நெடுநேரம் மேசையைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். பிறகு, “நான் சம்மதிக்கேல்லை. ஆனா தடுக்கவும் மாட்டன்,” என்றார். அது நிச்சயமான வாக்கு அல்ல என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தேயிருந்தது. உயிர் பிரிந்ததும் குடும்பத்தவர்கள் உடனே பல்கலைக்கழகத்துக்குச் சொல்ல வேண்டும். தாமதித்தால், அல்லது வேறு யாரையாவது கூப்பிட்டுவிட்டால், அக்காவின் விருப்பம் அங்கேயே முடிந்துவிடும். அந்த ஒரு தொலைபேசி அழைப்பு புனிதம் அன்ரியின் கையில் இருந்தது. அந்த நேரம் வரும்போது அக்காவால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது.

அக்காவின் கடைசிக் குளிர்காலத்தில் ஒருமுறை மூச்சுத் திணறி அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் போனபோது ஓர் இளம் மருத்துவர் கட்டிலின் மறுபக்கம் நின்று புனிதம் அன்ரியிடம் பேசிக்கொண்டிருந்தார். அக்காவின் முகத்தில் அசைவு எதுவும் இல்லை. வாய் ஓரமாய் ஒழுகியது. “இவருக்கு நாம் பேசுவது புரிகிறதா?” என்று மருத்துவர் கேட்டார். அக்காவின் கண்கள் மட்டும் அசைந்தன. கண்ணசைவைப் படித்து, எழுதியதைப் பேசும் கருவி ஒன்றை எதிரே பொருத்தியிருந்தார்கள்; அதன் திரையில் பார்வையால் எழுத்தெழுத்தாகத் தொட்டார். வெகுநேரம் பிடித்தது. மருத்துவர் அதற்குள் வேறு ஏதோ சொல்லத் தொடங்கியிருந்தார். கருவி தன் உலோகக் குரலில், ஆங்கிலத்தில், “நான் உள்ளேதான் இருக்கிறேன்” என்றது. அந்தப் பையன் வெளிறிப்போனான். மன்னிப்புக் கேட்டான், அதையும் புனிதம் அன்ரியிடமே கேட்டான்.

அவன் போனதும் அக்கா எனக்கென்று எழுதினார். கருவிக்குத் தமிழ் பேசத் தெரியாததால் அது திரையில் மட்டும் வந்தது. “நாய்கள் ஞாபகம் இருக்கோ?” இருந்தது. ஒரு சனிக்கிழமை சொல்லியிருந்தார். விலங்குகள் வெறும் இயந்திரங்கள் என்று பிரெஞ்சுக்காரர் எழுதிய பிறகு, அதை நம்பியவர்கள் நாய்களின் பாதங்களைப் பலகையில் ஆணியால் அறைந்து, உயிரோடு அறுத்துப் பார்த்தார்கள். அவை ஊளையிட்டபோது, கடிகாரத்தில் சுருள்வில் கிரீச்சிடுகிற சத்தம்தான் இது என்றார்கள். புதிய அறிவு தந்த தைரியம் அது என்று அவர் சொல்லியிருந்தார்.

“அந்த டாக்டர் நல்ல பிள்ளை,” என்று அடுத்து எழுதினார். “நல்ல பிள்ளையள்தான் அதையும் செய்தவை.” அந்த வார்த்தைகள் திரையிலேயே இருந்தன. யாரும் அழிக்கவில்லை. தாதி வந்து கட்டிலைத் திருப்பியபோதுதான் மறைந்தன.

திரையை மீண்டும் அவர் கண்ணுக்கு நேராக வைத்த பிறகு, அப்படியிருந்தும் ஏன் உங்கள் உடலை அதே மாதிரிப் பிள்ளைகளிடம் கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. அவர் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். “ஆரும் ஒருத்தர் அவையளுக்கு விரும்பிக் குடுக்க வேணும். இல்லாட்டி எடுக்கிறது மட்டும்தான் தெரியும்.” அவர் எனக்கு எழுதிய கடைசி வாக்கியம் அதுதான். சில வாரங்களில் கண்களும் களைத்துப்போயின.

இறந்த நாளைப் பற்றிப் புனிதம் அன்ரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். விடிவதற்கு முன்பே மூச்சு நின்றது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அவர் தண்ணீரைச் சூடாக்கி அக்காவைத் துடைத்தார், புதுச்சேலை உடுத்தினார், நெற்றியில் திருநீறு பூசினார், விளக்கேற்றித் தெரிந்த பதிகத்தைப் பாடினார். மேசையில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று பல்கலைக்கழகத்தினுடையது, மற்றது இங்கே நம்மவர்கள் எல்லாரும் கூப்பிடும் இறுதிச் சடங்கு நடத்துபவருடையது. இரண்டாவதைத்தான் முதலில் அழுத்தினாராம். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியதும், அக்காவின் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

“அவவின்ர முகம் ஒரு வருசமா அப்பிடித்தானே தம்பி கிடந்தது, ஒண்டும் அசையாமல். உள்ளுக்க இருக்கிறாவோ இல்லையோ எண்டு எனக்கு அந்த நேரம் தெரியேல்லை. இருந்தா எண்டால்? நான் கேக்காமல் செய்தா, அப்பாவைக் கொண்டு போனவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?”

அந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு மற்ற எண்ணுக்கு எடுத்தார். வந்தவர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள் என்றார். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை வாசலில் நின்றாராம்.

ஆகவே, கேட்டவர்களுக்கெல்லாம் என் பதில் இதுதான். மலர் அக்காவின் உடல் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. என்னை வேறொரு வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவரை நான் பார்க்கப் போவதில்லை. தயவுசெய்து யாரும் அங்கே மலர்வளையம் அனுப்ப வேண்டாம்.

அவர் இறந்த முப்பத்தோராம் நாள் வீட்டில் காரியமும் சாப்பாடும் நடந்தன. கடலில் கரைக்கச் சாம்பல் இல்லாததால் ஐயர் சிறிது தடுமாறினார், பிறகு ஏதோ செய்து முடித்தார். வந்தவர்கள் போன பிறகு புனிதம் அன்ரி என்னிடம், ஊருக்குப் போனவரைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டார்.

“எப்ப வருவா?”

“சொல்ல முடியாதன்ரி. ரெண்டு மூணு வருசம் ஆகலாம்.”

“அதுக்குள்ள அவவைப் படிச்சு முடிச்சிடுவினமோ?”

முடிக்க மாட்டார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டு பாத்திரங்களை எடுத்து அடுக்கினார்.

மலர் அக்காவிடமிருந்து எனக்கென்று கிடைத்தது ஒன்றே ஒன்று. என் வாலிபத்திலிருந்தே, கடைக்குள் நுழைவதுபோல், பாதி யோசனையோடு அந்த அறைகளுக்குள் போய்வந்தவன் நான். இப்போது புதிய வளாகத்தில் கதவுக்கு முன்னால் நின்றுவிடுகிறேன். உள்ளே துணிக்கு அடியில் இருப்பவர் எந்தத் தங்கையிடம் சண்டை போட்டு இங்கே வந்து சேர்ந்தார் என்று எனக்குத் தெரியாது. அந்த உடல்களுக்குள்ளே யாரும் இல்லை என்று முன்பு எனக்கு நிச்சயமாகத் தெரியும். இப்போது அந்த நிச்சயம் இல்லை. பின்னால் மாணவர்கள் வெள்ளைச் சட்டைகளோடு வந்து சேர்ந்து, கதவு பூட்டியிருக்கிறதா என்று கேட்கிறார்கள். இல்லை, திறந்துதான் இருக்கிறது என்கிறேன். ஆனாலும் கை கைப்பிடிக்குப் போகக் கொஞ்ச நேரம் ஆகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தை அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இதை நான் பழக்கத்தில் தொலைத்துவிடாமல் பார்த்துக்கொள்வேன்.